தமிழ்த் தெருப்பெயர் யூஆர்எல்: ஜாங்கோவில் ரெஜெக்ஸ் பொருந்தாமல் 404 வருகிறது

தண்டையார்பேட்டை தம்பி:

வணக்கம். என் மாமா தண்டையார்பேட்டையில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் தொழில் செய்கிறார். கல்மண்டபத்திலிருந்து நேதாஜி நகர் வரை அவருக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை காலி கேன் நிற்கிறது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் நீளமான ஒரு கணக்கு நோட்டில் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. சில நாள் அவராலும் முடிவதில்லை. அதனால் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையதளம் கட்டும் சட்டகம்) ஒரு சிறிய தளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மீன்பாடி வண்டியில் கேன் கொண்டுபோகும் அண்ணன்கள் கைபேசியில் அந்தந்த வீட்டின் பக்கத்தைத் திறந்து, இறக்கிய கேனையும் எடுத்த காலியையும் குறித்துவிட்டுப் போகவேண்டும். அவர்கள் தமிழ்தான் படிப்பார்கள். ஆகவே முகவரிப் பட்டையிலும் தமிழே இருக்கட்டும் என்று இப்படி வைத்தேன்:

/தெரு/இளைய-முதலி-தெரு/27/12/

இதில் 27 புதிய கதவு எண், 12 பழைய எண். எங்கள் பக்கம் வீட்டுச் சுவரிலும் பில்லிலும் 27/12 என்றே எழுதுவது வழக்கம்.

இதைப் பிடித்து 'வீடு' என்ற செயற்கூற்றுக்கு (ஃபங்ஷன்) அனுப்ப, ரெஜெக்ஸால், அதாவது எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வடிவத்தால், முகவரியைப் பிடிக்கும் ரீ-பாத் வரியில் எழுதியது கீழே. கைபேசியில் தட்டுவதால் டபிள்யூ, டி இரண்டையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், புரிந்துகொள்ளுங்கள்.

^தெரு/([\டபிள்யூ-]+)/([\டி/]+)/$

எந்தத் தெருவைக் கொடுத்தாலும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை. தெருப்பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் 3 என்று போட்டால் மட்டும் சரியாகச் செயற்கூற்றுக்குப் போகிறது. பைத்தான் 3-இல் எல்லாச் சரங்களும் யூனிகோடு, \டபிள்யூ எல்லா மொழி எழுத்துகளையும் பிடிக்கும் என்றுதான் படித்திருக்கிறேன்.

பிறகு இணையத்தில் ஒருவர் தமிழுக்கென்று போட்டிருந்த வடிவத்தை வைத்துத் தெருப் பக்கத்தைப் பிடித்தேன்:

^தெரு/(([ஃ-ௗ0-9]+-?)+)/$

இது பொருந்துகிறது. ஆனால் முகவரியில் ஏதாவது பிசகினால் 404 வருவதற்குப் பதிலாகப் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. புதுத் தெருவைச் சேர்ப்பதற்கு /தெரு/புதிது/ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதைத் திறந்தால் 'புதிது என்ற பெயரில் தெரு இல்லை' என்று என் தளமே எனக்குப் பதில் சொல்கிறது. இதற்கெல்லாம் ஒரே ரெஜெக்ஸாக எழுத வழி இருக்கிறதா?


பேசின் பாலம்:

எதற்கு இவ்வளவு சிரமம்? ஜாங்கோவில் ரெஜெக்ஸ் எழுதும் காலம் மலையேறிவிட்டது. 2017 டிசம்பரில் 2.0 வந்தபோதே, ரெஜெக்ஸ் இல்லாமல் யூஆர்எல் வரி எழுதும் பாத் வந்துவிட்டது. பழைய யூஆர்எல் செயற்கூற்றை 4.0-இல் எடுத்தே விட்டார்கள். பாத் எழுதுங்கள், தெருப்பெயருக்கு ஸ்லக் மாற்றியை (முகவரியின் ஒரு துண்டு எந்த வடிவில் வரலாம் என்று சொல்லும் தயார் விதி) போடுங்கள், சாய்கோட்டை நடுக்கோடாக்கி 27-12 என்று வைத்து அதற்கு இன்ட் மாற்றியைப் போடுங்கள். வேலை முடிந்தது.


ராயபுரம் அக்கா:

தம்பி, பேசின் பாலம் சொன்னதில் ஆண்டும் பதிப்பு எண்ணும் சரி. மிச்சத்தை அப்படியே போட்டால் மறுபடியும் 404-இல்தான் வந்து நிற்பாய். ஜாங்கோவின் ஸ்லக் மாற்றி ஆங்கில எழுத்து, 0 முதல் 9 வரையான இலக்கம், நடுக்கோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் ஏற்காது. ஒரு தமிழ் எழுத்துகூட அதில் நுழையாது. இன்ட் மாற்றியின் உள்ளே இருப்பது [0-9]+ மட்டும். 27-12 அதற்கும் பொருந்தாது. சொல்வதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

சாய்கோட்டை நடுக்கோடாக்கும் யோசனையை நான் வேறு காரணத்துக்காகவும் எதிர்க்கிறேன். என் வீட்டுக்கும் புதிய எண், பழைய எண் இரண்டும் உண்டு. ஒரு கூரியர் நிறுவனத்தின் இணையப் படிவம் சாய்கோட்டை ஏற்பதில்லை, அதனால் நடுக்கோடு போட்டு அனுப்புகிறார்கள். பொட்டலம் கொண்டுவருபவர் அதை முதல் எண் வீட்டின் இரண்டாம் எண் குடித்தனம் என்று எடுத்துக்கொண்டு, எங்கள் தெருவில் யாரோ ஒருவரின் மூன்றாவது மாடி வரை ஏறிவிட்டு எனக்குத் தொலைபேசியில் சண்டை போடுகிறார். சென்னையில் சாய்கோட்டுக்கு ஒரு பொருள் இருக்கிறது. நிரல் எழுதுபவரின் வசதிக்காக அதை மாற்றக் கூடாது.

இப்போது உன் முதல் வடிவத்துக்கு வருகிறேன். பைத்தானுடன் வரும் ரீ தொகுப்பு, யூனிகோடு எழுத்து என்றோ எண் என்றோ வகைப்படுத்தியவற்றையும் அடிக்கோட்டையும்தான் \டபிள்யூ என்று கொள்ளும். அ, இ, க, த எல்லாம் எழுத்து வகையில் இருக்கின்றன. துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவை அந்த வகையில் இல்லை. அவை சேர்க்கைக் குறிகள். ஆகவே 'இளைய' என்பதில் இ பொருந்தும், ள பொருந்தும், அடுத்து வரும் ஐகாரக் குறியில் ரெஜெக்ஸ் நின்றுவிடும். அங்கே சாய்கோடு இல்லாததால் மொத்தமும் விழுந்து 404 வரும். சோதிக்க வேண்டுமானால் தெருப்பெயர் இடத்தில் 'வட' என்று கொடுத்துப் பார், பொருந்தும். 'தென்' என்று கொடு, பொருந்தாது. குறி ஏதும் ஏறாத சொல் என்பதால்தான் 'வட' தப்பிக்கிறது. 3 என்று கொடுத்தபோது வந்ததும் இதே காரணத்தால்தான்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. அதே பைத்தான் 3-இல் 'தெரு' என்று மாறிக்குப் பெயர் வைக்கலாம், செயற்கூற்றுக்கு 'வீடு' என்று பெயர் வைக்கலாம், மொழி முனகாமல் ஏற்றுக்கொள்ளும். அதன் ரெஜெக்ஸ் மட்டும் 'தெரு'வை முழுச் சொல்லாக மதிக்காது. ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாக நிறுவிக்கொள்ளும் இன்னொரு தொகுப்பில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனால் ஜாங்கோ யூஆர்எல்களை ரீ கொண்டுதான் பொருத்துகிறது. அதனால் உனக்கு அது பயன்படாது.

இலக்கத்தைப் பிடிக்கும் \டி விஷயத்தில் இதற்கு நேரெதிர். அது அளவுக்கு மேல் தாராளம். ௧௨ என்று தமிழ் இலக்கத்தில் எழுதினாலும் பிடிக்கும். அதைப் பைத்தானின் இன்ட் 12 என்று மாற்றியும் தரும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி ஆகிவிடும். ஜாங்கோக்காரர்கள் இன்ட் மாற்றியில் [0-9] என்று எழுதியிருக்கிறார்கள், நீயும் அப்படியே எழுது.

இணையத்தில் கிடைத்த இரண்டாவது வடிவத்தில் [ஃ-ௗ] என்ற வீச்சு தவறில்லை. அதை எழுதியவருக்கு ஒரு பாராட்டு, ஏனென்றால் பலர் ஆங்கிலப் பழக்கத்தில் [அ-ஹ] என்று எழுதிவிடுகிறார்கள். யூனிகோடு வரிசையில் ஆய்தம் அகரத்துக்கு முன்னால் இருக்கிறது; உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ஹகரத்துக்குப் பின்னால் இருக்கின்றன. [அ-ஹ] எழுதினால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். யூனிகோடின் முதன்மைத் தமிழ்ப் பகுதி பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். அவற்றில் பல காலியாக இருக்கின்றன.

அந்த வடிவத்தின் ஆபத்து அடைப்புக்குறியில் இருக்கிறது. உள்ளே ஒரு கூட்டல், நடுவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்கிற ஒரு நடுக்கோடு, வெளியே இன்னொரு கூட்டல். கும்மாளம்மன்கோயில்தெரு என்று இடைவெளியே இல்லாமல் தட்டிவிட்டு, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியும் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். எழுத்தையும் அதில் ஏறும் குறியையும் தனித்தனியே எண்ணினால் அந்தப் பெயரில் 22 குறியீடுகள் இருக்கின்றன. முற்றுப்புள்ளியைப் பார்த்ததும் பொருந்தாது என்பது உனக்கும் எனக்கும் உடனே தெரியும். ரெஜெக்ஸுக்குத் தெரியாது. 22-ஐயும் ஒரே துண்டாக எடுத்துப் பார்க்கும். பிறகு 21 ஒரு துண்டு, 1 ஒரு துண்டு. பிறகு 20, 2. பிறகு 20, 1, 1 என்று வெட்டி வெட்டிப் பார்க்கும். 22 குறியீடுகளைத் துண்டு போட 2-இன் 21-ஆம் அடுக்கு வழிகள் இருக்கின்றன, அதாவது 20,97,152. இன்னும் 10 குறியீடு நீண்டால் 200 கோடியைத் தாண்டும். உன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது இதனால்தான். இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதே. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளில் சேர்த்த ஒரு ரெஜெக்ஸ் இப்படி முன்னும் பின்னும் போய்த் தேடியதில் அவர்களுடைய சர்வர்களின் சிபியூ முழுவதும் தின்னப்பட்டு, அவர்களை நம்பியிருந்த தளங்கள் உலகெங்கும் சுமார் 27 நிமிடம் படுத்துவிட்டன.

இதைத் திருத்தி எழுதலாம், கடினமில்லை. ஆனால் திருத்தவே தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. தெருப்பெயரில் எந்த எழுத்து வரலாம், எது வரக் கூடாது என்று யூஆர்எல் வடிவத்தில் ஏன் விசாரிக்கிறாய்? தபால் பிரிப்பவர் 600081 என்று பார்த்தால் தண்டையார்பேட்டைப் பையில் போடுவார், 600013 என்றால் ராயபுரம் பையில். அந்தத் தெருவில் அந்த வீடு இருக்கிறதா என்று பிரிக்கும் மேசையில் உட்கார்ந்து யோசிக்கமாட்டார். அதைத் தபால்காரர் பார்த்துக்கொள்வார். உன் யூஆர்எல் வரிகளும் எந்தச் செயற்கூற்றுக்கு அனுப்புவது என்பதோடு நிற்கட்டும். 'சாய்கோட்டுக்குள் அடங்கிய ஏதோ ஒன்று' என்பதற்கு மேல் தெருப்பெயரைப் பற்றி அதற்குத் தெரியவேண்டாம். அதாவது [^/]+ போதும். பாத் எழுதினால் மாற்றி எதுவும் போடாதபோது ஜாங்கோ தானாக எடுத்துக்கொள்வதும் அதுதான். அப்படி ஒரு தெரு இருக்கிறதா என்று செயற்கூறு தரவுத்தளத்தைக் கேட்கட்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து 404 கொடுக்கட்டும்.

தரவுத்தளத்தைக் கேட்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. 'கோயில்' என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாமாவின் கணினியில் ஏற்றிய 'மன்னார்சாமி கோயில் தெரு'வும் வண்டிக்காரரின் கைபேசியில் தட்டிய 'மன்னார்சாமி கோயில் தெரு'வும் சமம் இல்லை என்று தரவுத்தளம் சொன்னால் மண்டையை உடைத்துக்கொள்வாய். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடுடேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயற்கூற்றில் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரண்டாக இருப்பதை ஒரே குறியீடாக்கும் வடிவம்) மாற்றிவிடு. எந்த ரெஜெக்ஸாலும் இதைச் செய்ய முடியாது.

ரெஜெக்ஸ் தேவைப்படும் ஒரே இடம் உன் கதவு எண். சாய்கோட்டைச் சதவீதக் குறியீடாக (%2F) மாற்றி ஒளித்து அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. சர்வர் அதைப் பிரித்துச் சாய்கோடாக்கிய பிறகுதான் ஜாங்கோவின் கைக்கு வரும். அப்பாச்சி என்ற சர்வரோ இயல்பு அமைப்பில் அப்படிப்பட்ட முகவரியை வாசலிலேயே 404 கொடுத்துத் திருப்பிவிடும். சொந்தமாக ஒரு மாற்றி எழுது, 'கதவு' என்று பெயர் வை. அதன் ரெஜெக்ஸ்:

[0-9]+(?:/[0-9]+)?

ஒரு எண், வேண்டுமானால் ஒரு சாய்கோடும் இன்னொரு எண்ணும். மாற்றியில் டூ-பைத்தான் என்ற செயற்கூறு இதைப் பிரித்துப் புதிய எண், பழைய எண் என்று இரண்டு முழு எண்ணாகத் தரட்டும். டூ-யூஆர்எல் திரும்ப ஒட்டட்டும். பிரிக்க முடியாத ஏதாவது வந்தால் டூ-பைத்தானில் வேல்யூ-எரர் என்ற பிழையை எழுப்பு, ஜாங்கோ 'இந்த வரி பொருந்தவில்லை' என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வரிகள் இப்படி இருக்கும்:

தெரு/புதிது/
தெரு/<பெயர்>/
தெரு/<பெயர்>/<கதவு:எண்>/

இந்த வரிசை முக்கியம். ஜாங்கோ மேலிருந்து கீழே படிக்கும், முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காது. 'புதிது' என்பதும் ஒரு பெயர்தானே என்று இரண்டாவது வரி அதை விழுங்கியதால்தான் உனக்கு அந்தப் பதில் வந்தது. நிலையான வரியை மேலே வை.

ஒரே ரெஜெக்ஸில் எல்லாவற்றையும் அடக்க வழி கேட்டாய். வழி இருக்கிறது, சொல்லமாட்டேன். ஆறு மாதம் கழித்து அந்த வரியைத் திறந்து பார்க்கப்போவது நீதான்.


மணலி நிரலர்:

அக்கா சொன்ன வரிசை விஷயம் ஜாங்கோவுக்கு உரியது. பைத்தானின் இன்னொரு சட்டகமான ஃபிளாஸ்க்கில் இப்படி இல்லை. அதன் அடியில் இருக்கும் வெர்க்சூய்க் நிலையான வரிகளுக்கு முன்னுரிமை கொடுத்துத் தானே வரிசைப்படுத்திக்கொள்ளும். கோ மொழியில் 1.22 பதிப்பிலிருந்து, அதாவது 2024 பிப்ரவரியிலிருந்து, எது குறுகலான வடிவமோ அது ஜெயிக்கும். இரண்டில் எது குறுகல் என்று தீர்மானிக்க முடியாவிட்டால் சர்வர் தொடங்கும்போதே நிரல் அலறி நின்றுவிடும். எனக்கு அந்த முறைதான் பிடித்திருக்கிறது. ஜாங்கோவில் புதிதாக ஒரு வரியை எங்கே செருகுவது என்று தெரியாமல் கடைசியில் கொண்டுபோய் வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்வாங்கித் தேடாத ரெஜெக்ஸ் முறையைக் கென் தாம்ப்சன் 1968-லேயே எழுதிவிட்டார். கோ அந்த வழியில்தான் போகிறது; அங்கே இந்த 20 லட்சம் கணக்கெல்லாம் கிடையாது.

ஆனால் தம்பியிடம் கேட்க எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இந்தப் பக்கங்களைத் திறக்க உள்நுழைவு உண்டா? 27/12 வீட்டின் பாக்கி அந்த முகவரியில் தெரிகிறது என்றால், எதிர் வீட்டுக்காரர் 27-ஐ 28 ஆக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?


தண்டையார்பேட்டை தம்பி:

அக்கா, 'வட' கொடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே பொருந்தியது. மூன்று வரியையும் கதவு மாற்றியையும் வைத்த பிறகு எல்லாத் தெருவும் திறக்கிறது. என்எஃப்சி மாற்றத்தைச் சேர்த்ததும், இரண்டு முறை பதிவாகியிருந்த கோயில் தெருக்கள் ஒன்றாகிவிட்டன. மிக்க நன்றி.

மணலி அண்ணா, வண்டி அண்ணன்களுக்கு உள்நுழைவு இருக்கிறது. வாடிக்கையாளர் பக்கத்துக்கு இல்லை. மாமா அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார். அதிலும் ஒரு சிக்கல். அனுப்பும்போது தமிழ் போய், சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நீளமான ஏதோ ஒன்றாக மாறிவிடுகிறது. வைத்தியநாதன் தெருவில் ஒரு பாட்டி அதைப் பார்த்து, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் இணைப்பு என்று பயந்து மாமாவின் எண்ணையே தடுத்துவிட்டார்கள்.


மணலி நிரலர்:

பாட்டி கெட்டிக்காரர். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாகும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. இளைய-முதலி-தெரு என்பதில் 13 தமிழ்க் குறியீடும் 2 நடுக்கோடும் இருக்கின்றன. அது 119 எழுத்தாக ஊதிப்போகும். முகவரிப் பட்டையில் உலாவி அதைத் தமிழாக்கிக் காட்டுவதால் உனக்குத் தெரியவில்லை. நகலெடுத்து ஒட்டும்போது உண்மை வெளியே வருகிறது.

வாடிக்கையாளருக்குத் தனி வரி வை. தெருவும் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். வீடு ஒவ்வொன்றுக்கும் தரவுத்தளத்தில் ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத நீளமான அடையாளக் குறி) உருவாக்கி, அதை மட்டும் யூஆர்எல்லில் வை. ஜாங்கோவில் அதற்கென்று யூயூஐடி மாற்றி தயாராக இருக்கிறது, நீ ரெஜெக்ஸ் எழுதவேண்டியதில்லை. நான்காம் வகை யூயூஐடியில் 122 பிட் தற்செயலாக வருவது. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துப் பக்கத்து வீட்டைப் பிடிக்க முடியாது. ஆனால் இணைப்பு யார் கையில் போனாலும் பக்கம் திறக்கும் என்பதை மறக்காதே. பாக்கி எவ்வளவு என்பதற்கு இது போதும் என்று மாமா நினைத்தால் சரி. தொலைபேசி எண்ணையும் முழு முகவரியையும் அந்தப் பக்கத்தில் காட்டாதே.

உண்மையில் வண்டிக்காரர்களின் யூஆர்எல்லிலும் வீட்டின் அடையாள எண்ணையே வைத்திருக்கலாம். தெருப்பெயர் திருத்தப்பட்டால் பழைய இணைப்பெல்லாம் செத்துப்போகும்.


ராயபுரம் அக்கா:

வாடிக்கையாளர் வரிக்கு மணலி சொன்னதை அப்படியே செய், தம்பி. இன்றைக்கே செய், தெருப்பெயர் வழியாக யாருக்கும் பாக்கி தெரியக் கூடாது. அந்த மூன்று வரியும் உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் திறக்கட்டும்.

வண்டிக்காரர்களின் யூஆர்எல்லை எண்ணாக மாற்றச் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சந்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டு, வெயிலில் கைபேசியைப் பார்க்கிறவருக்கு /வீடு/4183/ என்பதைவிட /தெரு/இளைய-முதலி-தெரு/27/12/ உதவும். தவறான பக்கத்தைத் திறந்துவிட்டால் முகவரியைப் பார்த்தே தெரிந்துகொள்வார். தெருப்பெயர் மாறினால் பழைய பெயரையும் ஒரு அட்டவணையில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடலாம். சென்னைத் தெருக்களுக்கு எப்படியும் அந்த அட்டவணை வேண்டும். பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்.

ஒன்று விட்டுப்போனது. இணைப்புகளை வார்ப்புருவில் கையால் எழுதாதே. ஒவ்வொரு வரிக்கும் பெயர் வைத்து, அந்தப் பெயரிலிருந்து முகவரியைக் கட்டித் தரும் ரிவர்ஸ் வழியாக உருவாக்கு. கதவு மாற்றியின் டூ-யூஆர்எல் அப்போதுதான் வேலைக்கு வரும், சாய்கோடும் தன் இடத்தில் இருக்கும்.


பேசின் பாலம்:

ஸ்லக் தமிழை ஏற்காது என்பதை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அக்கா சொன்னது சரி. ஆனால் ரீ-பாத் எழுதுபவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன்: தொடக்கத்தில் ^ போட மறக்காதீர்கள். 'பாக்கி/' என்று மட்டும் எழுதினால் 'பழைய-பாக்கி/' என்பதும் அதில் போய் விழும். முடிவில் $ இல்லாவிட்டால் '^தெரு/' என்ற ஒரு வரி 'தெரு/' என்று தொடங்கும் எல்லா முகவரிகளையும் பிடித்துக்கொள்ளும். பாத் எழுதினால் இரண்டு கவலையும் இல்லை, அதற்காகத்தான் முதலில் அதைச் சொன்னேன்.


தண்டையார்பேட்டை தம்பி:

யூயூஐடி வரியை வைத்துவிட்டேன். வாடிக்கையாளர் பக்கத்தில் பெயரும் பாக்கியும் காலி கேன் எண்ணிக்கையும் மட்டும் காட்டுகிறேன். பாட்டிக்கு மாமா நேரில் போய் விளக்கப்போகிறார்.

கடைசியாக ஒன்று. வண்டி அண்ணன்களில் ஒருவர் பழைய எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். அவர் தேடல் பெட்டியில் 12 என்று மட்டும் தட்டுகிறார், சில சமயம் திருப்பி 12/27 என்று தட்டுகிறார். அதையும் கதவு மாற்றியிலேயே சரிசெய்துவிடலாமா?


ராயபுரம் அக்கா:

கூடாது. மாற்றிக்கு 12/27 சரியான வடிவம்தான். புதிய எண் 12, பழைய எண் 27 என்று உண்மையிலேயே ஒரு வீடு அந்தத் தெருவில் இருக்கலாம். நீ திருப்பிப் போட்டால் அந்த வீட்டுக்குப் போகவே முடியாது.

புதிய எண்ணும் பழைய எண்ணும் தனித்தனிப் பத்தியாகத் தரவுத்தளத்தில் இருக்கட்டும். தேடல் பெட்டிக்கு வேறு செயற்கூறு எழுது. 12 என்று வந்தால் புதிய எண் 12 உள்ள வீட்டையும் பழைய எண் 12 உள்ள வீட்டையும் சேர்த்து, குடும்பத் தலைவர் பெயரோடு காட்டு. 12/27 வந்தால் நேராகவும் திருப்பியும் தேடிக் கிடைப்பதைக் காட்டு. ஒரே வீடுதான் கிடைத்தது என்றால் நேரே அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிடு. இரண்டு கிடைத்தால் அவர் விரலால் ஒன்றைத் தொடட்டும். எந்த வாசலில் நிற்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.